எல்.இ.டி. சுவரில் வரி வரியாகத் தெரிந்த லூப்: ஒரு ரெண்டர் பழுதுபார்ப்புப் பதிவு

வேலை இதுதான். மதுரையில் ஒரு நகைக்கடையின் ஆண்டு விழா. மண்டப மேடைக்குப் பின்னால் 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்தில் எல்.இ.டி. சுவர். விழா முழுக்க அதில் ஓட வேண்டிய பின்னணி லூப் (முடிந்ததும் தொடக்கத்துக்கே திரும்பி ஓடும் வீடியோ) ஒன்று. நேரலை கேமரா படத்தின் மேல் வைப்பதற்குக் கடையின் பொன்னிற லோகோ தனியாக ஒன்று. இன்ஸ்டாகிராமுக்கு நெட்டுவாக்கில் ஒன்று. ஆப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் சாஃப்ட்வேரில் எல்லாவற்றையும் வேறொரு தம்பி செய்து முடித்திருந்தார். டிசைனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடர் மெரூன் பின்னணி, அதில் மெல்ல நகரும் சிக்குக் கோலம், நடுவில் நகைப் படங்கள்.

ஒத்திகையில் ஓட்டிப் பார்த்ததும் புகார்கள் வரிசையாக வந்தன. வட்டம் முட்டையாகத் தெரிகிறது. பின்னணி வரி வரியாக உடைகிறது. லோகோவைச் சுற்றிக் கறுப்பு ஓரம். லூப் திரும்பும் இடத்தில் ஒரு வெட்டு. கலர் வெளிறிப்போச்சு. இதையெல்லாம் திருத்தி மறுபடி ரெண்டர் (டிசைனைப் படம் படமாகக் கணக்கிட்டு வெளியே எடுக்கும் வேலை) போட்டால் கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிடுகிறது. அந்த நிலையில்தான் ப்ராஜெக்ட் என்னிடம் வந்தது.

"ஃபைல்ல ஏதோ பிரச்சினை" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது வழக்கம். ஆனால் ஒரு ஃப்ரேம், அதாவது வீடியோவின் ஒரு தனிப் படம், பார்ப்பவர் கண்ணுக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலு இடத்தைக் கடக்கிறது: காம்ப் (லேயர்களை அடுக்கி அசைவு கொடுக்கும் இடம்), ரெண்டர், என்கோடிங் (சுருக்கி வீடியோ ஃபைலாக்குவது), ஓட்டும் கருவி. கோளாறு எந்த இடத்தில் புகுந்தது என்று பார்க்காமல் பிட்ரேட்டை (விநாடிக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவை) கூட்டுவதும் கோடெக்கை (சுருக்கும் முறையை) மாற்றுவதும் குருட்டாம்போக்கு. நேரம்தான் போகும்.

இதற்கு ஆப்டர் எஃபெக்ட்ஸுக்குள்ளேயே நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்த வீடியோவைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து, அசல் காம்பின் மேல் வைத்து, பிளெண்டிங் மோடை 'டிஃபரன்ஸ்' ஆக்கிவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் திரை முழுக்கக் கறுப்பு. வித்தியாசம் மிகச் சின்னதாக இருந்தால் கண்ணுக்குப் படாது, அதனால் வியூவரின் அடியில் இருக்கும் எக்ஸ்போஷர் எண்ணை இழுத்து ஏற்றிப் பார்க்க வேண்டும். அது பார்வைக்கு மட்டும்தான், ரெண்டரைத் தொடாது. அப்போது உருவங்களின் விளிம்புகளில் மட்டும் பொடிப்பொடியாக ஏதாவது தெரிந்தால் அது கம்ப்ரஷன். படம் முழுக்க ஒரே சீராகச் சாம்பல் பூத்தால் காமா (நடுத்தர வெளிச்சங்களைக் காட்டும் விதம்) அல்லது ரேஞ்ச் (கறுப்பு, வெள்ளையின் எல்லை எண்கள்) கோளாறு. நகரும் பொருள்கள் மட்டும் இரட்டை இரட்டையாகத் தெரிந்தால் ஃப்ரேம் தள்ளிப்போயிருக்கிறது. எந்தப் புகார் வந்தாலும் நான் முதலில் செய்வது இந்தச் சோதனைதான்.

சரி, வட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம், அதுதான் சுலபம். "ஃபுல் எச்.டி. குடுத்துருங்க" என்று சுவரை இயக்கும் ஆபரேட்டர் சொல்லியிருக்கிறார், தம்பியும் 1920×1080இல் செய்திருக்கிறார். எந்தச் சுவராக இருந்தாலும் அவர்கள் சொல்லும் பதில் அதுதான். கேட்க வேண்டியது வேறு: பேனல் என்ன பிட்ச் (பிக்சலுக்குப் பிக்சல் எத்தனை மில்லிமீட்டர்), அகலத்தில் எத்தனை கேபினட் (சுவராக அடுக்கும் பெட்டி), உயரத்தில் எத்தனை? இங்கே பி3.9 பேனல். அரை மீட்டர் சதுரக் கேபினட் ஒன்றில் 128×128 பிக்சல். அகலத்தில் 12, உயரத்தில் 6. அப்படியானால் சுவரின் உண்மையான அளவு 1536×768. அதாவது 2:1. 16:9 படத்தை அதற்குள் இழுத்துப் பொருத்தினால் 500 பிக்சல் வட்டம் 400 அகலமும் 355 உயரமுமாக நசுங்கும். முட்டை வந்தது இப்படித்தான்.

வட்டத்தைவிடக் கோலத்துக்கு இதில் சேதம் அதிகம். ஒரு பிக்சல் கனத்தில் வரைந்த கோடுகள் சுருங்கும்போது முழு பிக்சலில் உட்கார முடியாமல், நகர நகர மின்னிக்கொண்டே இருக்கும். 1536×768இல் புதுக் காம்ப் திறந்து, பழைய காம்பை 80 சதவீதத்தில் உள்ளே வைத்தேன். மேலும் கீழும் 48 பிக்சல் வெட்டுப்படும், அங்கே ஒன்றும் இல்லை. கோலம் ஷேப் லேயர் (எந்த அளவிலும் புதிதாக வரைந்துகொள்ளும் வடிவம்) என்பதால், அந்தச் சூரியன் போன்ற சின்ன ஐகானைத் தட்டி டிரான்ஸ்ஃபர்மேஷனைக் கொலாப்ஸ் செய்து, அதாவது சுருக்கிய அளவிலேயே கூர்மையாக வரைய வைத்து, கோட்டின் கனத்தையும் கூட்டினேன். சுவரில் ஒரு கோடு குறைந்தது இரண்டு பிக்சலாவது இருக்க வேண்டும். இந்தப் பிட்சில் அது கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர், முன்வரிசைக்கே மெல்லிய கோடாகத்தான் தெரியும்.

மெரூன் பின்னணியின் வரிகள்

நேரம் பிடித்தது இதற்குத்தான். மோஷன் கிராஃபிக்ஸில் நம்மை அதிகம் படுத்தும் கோளாறும் இதுதான் என்பேன்.

பின்னணி கிரேடியன்ட் கீழே சிவப்பு 40 அளவுள்ள அடர் மெரூனில் தொடங்கி மேலே முழுக் கறுப்பில் முடிகிறது. மானிட்டரில் பார்க்கும்போது வழுவழுவென்று இருக்கிறது. இப்போது மௌஸை வியூவரின் மேல் வைத்து, கீழிருந்து மேலாக மெதுவாக நகர்த்திக்கொண்டே இன்ஃபோ பேனலைப் பாருங்கள். சிவப்பு எண் 40... 40... 40... பிறகு 39... 39... என்று இறங்கும். 8 பிட்டில் ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும்) 256 நிலைகள்தான். 40க்கும் 0க்கும் நடுவே அதில் நமக்குக் கிடைப்பது சுமார் 40 படிகள். 768 பிக்சல் உயரத்துக்கு அதைப் பிரித்துப் போட்டால் ஒவ்வொரு படியும் 19 பிக்சல். எல்.இ.டி. சுவரில் ஒரு பிக்சல் 3.9 மில்லிமீட்டர், ஆக ஒவ்வொரு வரியும் ஏழரை சென்டிமீட்டர் பட்டை. ஒரு ஜாண்கூட இல்லை என்றாலும் அப்படிப்பட்ட 40 பட்டைகள் அடுக்கியிருந்தால் தெரியாமல் போகுமா? போதாக்குறைக்கு, மண்டபத்துக்குள் சுவரை முழு வெளிச்சத்தில் ஓட்ட மாட்டார்கள், கண் கூசும். வெளிச்சத்தைக் குறைக்கும்போது பேனல் காட்டக்கூடிய இருண்ட நிலைகளும் குறைகின்றன. மானிட்டரில் தப்பித்த வரி சுவரில் மாட்டிக்கொள்வதற்கு இதுவும் காரணம்.

முதல் வேலை, ப்ராஜெக்ட் பேனலின் அடியில் 8 பிபிசி (ஒரு சேனலுக்கு 8 பிட்) என்று இருப்பதை ஆல்ட் அழுத்தியபடி தட்டி 16 ஆக்குவது. "கடைசியில எப்படியும் 8 பிட்லதானே போகுது, 16 எதுக்குண்ணே?" என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தக் கிரேடியன்ட்டின் மேல் ஒரு கர்வ்ஸ், ஒரு குளோ, ஒரு பெரிய பிளர், விளிம்பை இருட்டாக்க ஒரு மாஸ்க் எல்லாம் இருந்தன. 8 பிட்டில் ஒவ்வொரு எஃபெக்ட்டும் தன் கணக்கை அருகில் உள்ள முழு எண்ணுக்குத் தள்ளித்தான் அடுத்ததிடம் கொடுக்கிறது. நாலு எஃபெக்ட் தாண்டுவதற்குள் 40 படி 25 ஆகிவிடக்கூடும். 16 பிட்டில் அந்த இழப்பு இல்லை. உள்ளே 32,768 நிலைகளில் கணக்குப் போட்டு, கடைசியில் ஒரே ஒரு முறைதான் 8 பிட்டுக்கு இறங்குகிறது.

ஆனாலும் அந்தக் கடைசி இறக்கத்தில் 40 படிகள் 40 படிகளாகவே இருக்கும். அதை உடைக்க ஒரே வழி நாய்ஸ், அதாவது படத்தின் மேல் தூவும் பொடிப்புள்ளிகள். எல்லா லேயருக்கும் மேலே ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, நாய்ஸ் எஃபெக்ட்டை ஒரு சதவீதத்துக்கும் இரண்டு சதவீதத்துக்கும் நடுவே வைத்து, 'யூஸ் கலர் நாய்ஸ்' டிக்கை எடுத்துவிட்டேன். 39க்கும் 40க்கும் நடுவில் நேர்க்கோடாக இருந்த எல்லை இப்போது பிக்சல் பிக்சலாகக் கலைந்துவிடுகிறது. கண் அதைச் சராசரியாக்கி 39.5 என்று எடுத்துக்கொள்கிறது. வேண்டுமென்றே படத்தை அழுக்காக்கித்தான் அதை வழுவழுப்பாக்குகிறோம். முதல்முறை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

இங்கேயே வேலை முடிந்தது என்று எச்.264 என்ற வழக்கமான வீடியோ கோடெக்கில் எக்ஸ்போர்ட் போட்டால் வரிகள் திரும்ப வந்து நிற்கும். எங்கே திரும்பின என்று பார்க்க ஒரே ஃப்ரேமை மூன்று விதமாக எடுத்தேன். இழப்பில்லாத பி.என்.ஜி. படத்தில் வரி இல்லை. அதிகம் சுருக்காத புரோரெஸ் வீடியோவில் இல்லை. எச்.264இல் இருக்கிறது. அப்படியானால் காம்பைத் தொட வேண்டியதே இல்லை, குற்றவாளி என்கோடர். அதன் வேலையே கண்ணுக்குத் தேவையில்லாத பொடியைத் தூக்கி எறிவதுதான். நாம் பாடுபட்டுச் சேர்த்த ஒரு சதவீத நாய்ஸ்தான் அதன் கண்ணில் முதலில் படும் பொடி. இருண்ட, அசைவில்லாத பகுதிகளுக்கு பிட் ஒதுக்குவதில் அதற்குக் கஞ்சத்தனம் அதிகம்.

தம்பி வைத்திருந்த பிட்ரேட் 5 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு 5 மெகாபிட்). யூடியூப் பிரீசெட்டிலிருந்து அப்படியே வந்திருக்கலாம். மேடையில் லேப்டாப்பிலிருந்து ஓடும் ஃபைலுக்கு இப்படிச் சிக்கனம் பிடிக்க ஒரு காரணமும் இல்லை. 40 எம்.பி.பி.எஸ். வைத்தால் 20 விநாடி லூப் 100 எம்.பி. ஆகும், அவ்வளவுதான். இன்னொன்று, எக்ஸ்போர்ட் செய்யும் மீடியா என்கோடர் சாஃப்ட்வேரில் 'ஹார்ட்வேர் என்கோடிங்' இருந்ததை 'சாஃப்ட்வேர்' ஆக்கினேன். ஹார்ட்வேரில் ஓட்டினால் வேகம் உண்டு, ஆனால் டூ-பாஸ் கிடைக்காது. டூ-பாஸில் என்கோடர் முதலில் முழு வீடியோவையும் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பிட்டைப் பங்கு போடுகிறது. எஃப்.எஃப்.எம்பெக், ஹேண்ட்பிரேக் போன்ற கன்வெர்ட்டர்கள் வழியாக எக்ஸ்264 என்ற எச்.264 என்கோடரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் நல்ல கருவிகள் உண்டு. தரத்தைத் தீர்மானிக்கும் சி.ஆர்.எஃப். எண்ணை (குறையக் குறையத் தரம் கூடும்) 23 என்ற இயல்பு நிலையிலிருந்து 18க்கு இறக்கலாம். 'டியூன் கிரெயின்' போட்டால் நாய்ஸை விட்டுவைக்கும். படத்துக்குள் பிட்டைப் பங்கிடும் ஏ.க்யூ. மோடை 3 ஆக்கினால் இருண்ட பகுதிகளுக்குக் கூடுதல் பிட் போகும்.

'யூஸ் மேக்ஸிமம் ரெண்டர் குவாலிட்டி' டிக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல அனிச்சையாக அதைத் தட்டிவிட்டுத்தான் எக்ஸ்போர்ட் கொடுக்கிறார்கள். படத்தின் அளவு மாறும்போது மட்டும்தான் அதற்கு வேலை. 1536×768 காம்பை அதே அளவில் எக்ஸ்போர்ட் செய்யும்போது அதனால் ஒரு வரிகூடக் குறையாது.

கடைசியில் ஆபரேட்டர் ரெசொலூம் என்ற மேடை வீடியோ சாஃப்ட்வேரில் ஓட்டுகிறார் என்று தெரிந்தது. அப்படியானால் எச்.264ஐ மாற்று ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொண்டு, முதன்மை ஃபைலை அதன் சொந்தக் கோடெக்கான டி.எக்ஸ்.வி.யில் கொடுப்பதே மேல். அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு, கிராஃபிக்ஸ் கார்டிலேயே விரிகிறது. நாலைந்து லேயரை ஒன்றாக ஓட்டினாலும் லேப்டாப் மூச்சு வாங்காது. ஒரு எச்சரிக்கை: அதில் 'நார்மல்', 'ஹை' என்று இரண்டு குவாலிட்டி இருக்கும். நார்மலில் கிரேடியன்ட் மறுபடியும் வரி கட்டும். ஹை தான் வேண்டும்.

லோகோவைச் சுற்றிக் கறுப்பு ஓரம்

"வெள்ளைச் சட்டை போட்டவர் கேமராவுல வந்தா மட்டும் லோகோவச் சுத்திக் கரி பூசுன மாதிரி இருக்குண்ணே." ஆபரேட்டர் இப்படிச் சொன்னதுமே பாதி நோய் தெரிந்துவிட்டது. இருண்ட பின்னணியில் தெரியாமல் வெளிர்ப் பின்னணியில் மட்டும் கறுப்பு ஓரம் தெரிந்தால் அது ஸ்ட்ரெயிட் (நிறத்தைக் கலக்காமல் வைப்பது), பிரீமல்டிப்ளைடு (நிறத்தை முன்கூட்டியே கலந்து வைப்பது) குழப்பம்தான்.

லோகோ விளிம்பில் பாதி ஒளி ஊடுருவும் ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். பொன்னிறம், சிவப்பு 212, பச்சை 175, நீலம் 55. ஆல்ஃபா, அதாவது ஒளிபுகாத் தன்மையின் அளவு, 50 சதவீதம். பிரீமல்டிப்ளைடாக ரெண்டர் செய்தால் ஆப்டர் எஃபெக்ட்ஸ் அந்த நிறத்தைக் கறுப்போடு முன்கூட்டியே கலந்து, சிவப்பை 106 என்று எழுதிவைக்கிறது. மறுமுனையில் இருக்கும் சாஃப்ட்வேர் அதை ஸ்ட்ரெயிட் என்று நினைத்து, ஆல்ஃபாவால் இன்னொரு முறை பெருக்கி 53 ஆக்கிவிடுகிறது. வெள்ளைப் பின்னணியின் பங்கு 127. சேர்த்தால் 233 வந்திருக்க வேண்டிய இடத்தில் 180தான் வருகிறது. இதே கணக்கு விளிம்பு முழுக்க நடந்தால் கரி பூசியதுபோல்தானே இருக்கும்?

அவுட்புட் மாட்யூலில் சேனல் 'ஆர்.ஜி.பி. பிளஸ் ஆல்ஃபா', டெப்த் 'டிரில்லியன்ஸ் பிளஸ்', கலர் 'ஸ்ட்ரெயிட்', கோடெக் புரோரெஸ் 4444. இப்படி வெளியே எடுத்த ஃபைலை வீடியோ பிளேயரில் திறந்தால் பார்க்கச் சகிக்காது. விளிம்பெல்லாம் தடித்து, பிசிறடித்து, லோகோ வீங்கியதுபோல் இருக்கும். பிளேயர் ஆல்ஃபாவைக் கண்டுகொள்ளாமல் வெறும் நிறத்தை மட்டும் காட்டுவதால் வரும் கோலம் அது. ஃபைல் சரியாகத்தான் இருக்கிறது. தம்பி இதை முதலிலேயே ஒருமுறை சரியாக எடுத்துவிட்டு, பிளேயரில் பார்த்துப் பயந்துதான் பிரீமல்டிப்ளைடுக்குத் திரும்பியிருக்கிறார். ஆல்ஃபா உள்ள ஃபைலைப் பார்க்க வேண்டிய இடம் பிளேயர் இல்லை. ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு, ஒரு பச்சை சாலிட் (ஒரே நிற லேயர்) மேல் வைத்து ஆப்டர் எஃபெக்ட்ஸிலேயே பார்க்க வேண்டும். உள்ளே கொண்டுவரும்போது 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்' பெட்டியில் ஸ்ட்ரெயிட் என்று நாமே சொல்லிவிடுவது உத்தமம். 'கெஸ்' பொத்தான் சில சமயம் தப்பாகத்தான் ஊகிக்கிறது.

கறுப்பு ஓரம் போனது, ஆனால் லோகோவைச் சுற்றியிருந்த பொன்னொளி மங்கிவிட்டது. அது வேறு கதை. அந்த ஒளி 'ஆட்' மோடில் செய்தது. ஆட் என்றால் கீழே இருக்கும் படத்தோடு கூட்டுவது. வெற்று ஆல்ஃபாவின் மேல் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அந்தக் கூட்டலை ஆல்ஃபா சேனலில் எழுதிவைக்கவும் முடியாது. ஒளியை மட்டும் கறுப்புப் பின்னணியில் தனி வீடியோவாக ரெண்டர் செய்து, லோகோவுக்கு மேல் ஆட் மோடில் ஒரு லேயராக வைக்கச் சொல்லி ஆபரேட்டரிடம் கொடுத்தேன். லேயர் ஒன்று கூடியது, ஒளி முழுசாக வந்தது.

நடுவில் நகைக்கடைத் தரப்பிலிருந்து "அந்த லோகோவ டிரான்ஸ்பரன்ட் எம்.பி.4ஆ வாட்ஸப்ல போடுங்க" என்று ஒரு குறுஞ்செய்தி. மோஷன் வேலை பார்க்கும் எல்லாருக்கும் மாதம் ஒருமுறையாவது வரும் விண்ணப்பம் இது. வழக்கமான எச்.264 எம்.பி.4இல் ஆல்ஃபாவுக்கு இடமில்லை. வெப்சைட்டுக்கு என்றால் வி.பி.9 வெப்எம், எடிட்டருக்கு என்றால் புரோரெஸ் 4444 அல்லது பி.என்.ஜி. சீக்வென்ஸ். வாட்ஸப்பில் அனுப்புவதாக இருந்தால் வீடியோவாக இல்லாமல் டாக்குமென்டாகத்தான் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாட்ஸப் தன் பங்குக்கு நசுக்கிவிடும், மறுநாள் "தெளிவே இல்லையே" என்று போன் வரும்.

லூப்பின் வெட்டு, கோலத்தின் தடுமாற்றம்

இவை சுருக்கமாக. லூப் 20 விநாடி, 30 ஃப்ரேம் வேகத்தில் 600 ஃப்ரேம். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் கடைசி ஃப்ரேம் 599. தொடக்க நிலைக்குத் திரும்பும் கீஃப்ரேம் (அசைவின் நிலையைப் பதிந்துவைக்கும் புள்ளி) 600இல் இருக்க வேண்டும், அதாவது வெளியே. அதை 599இல் வைத்தால் ஒரே படம் அடுத்தடுத்து இரண்டு முறை வரும், கண் அதை ஒரு தயக்கமாகப் பிடித்துவிடும். புகைபோல் நகர்ந்த ஃப்ராக்டல் நாய்ஸுக்கு 'சைக்கிள் எவல்யூஷன்' டிக் போட்டு, சுற்றின் எண்ணிக்கையைக் கீஃப்ரேமோடு பொருத்தினேன். ஆடியோ டிராக்கையும் எடுத்துவிட்டேன். லூப் பின்னணிக்கு அது தேவையில்லை, ஏ.ஏ.சி. ஆடியோவின் முனையில் சேரும் சின்ன மௌனம் சில பிளேயர்களில் லூப்பைத் தடுக்கி விழ வைக்கும்.

தம்பியின் அசல் காம்ப் 25 ஃப்ரேமில் இருந்தது. டி.வி.க்கு நம் ஊரில் அதுதான் சரி. ஆனால் லேப்டாப்பிலிருந்து சுவருக்குப் போகும் சிக்னல் 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 துடிப்பு. 60ஐ 25ஆல் வகுத்தால் 2.4. அதனால் சில ஃப்ரேம் இரண்டு துடிப்புக்கும் சில ஃப்ரேம் மூன்று துடிப்புக்கும் திரையில் நிற்கும். வேகமான காட்சியில் இது தெரியாது. இடமிருந்து வலமாக ஊர்ந்துபோகும் கோலத்தில் அப்பட்டமாகத் தெரியும், நொண்டி நொண்டி நடக்கும். 30க்கு மாற்றினால் எல்லா ஃப்ரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு. காம்பின் ஃப்ரேம் ரேட்டை மாற்றும்போது கீஃப்ரேம்கள் அவற்றின் நேரத்திலேயே நிற்கும், அதனால் சில இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒரு பார்வை பார்த்து நகர்த்திவிட வேண்டும்.

ரெண்டர் நின்றுபோன இடம்

ரெண்டர் எப்போதும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றது. அது நல்ல செய்தி. இடம் மாறி மாறி நின்றால் சூடு, டிரைவர், டிஸ்க் என்று தேடி அலைய வேண்டியிருக்கும். ஒரே இடம் என்றால் அந்த ஃப்ரேமில் வரும் ஏதோ ஒன்றுதான். டைம்லைனின் அடியில் நத்தை ஐகான் ஒன்று இருக்கிறது. தட்டினால் ஒவ்வொரு லேயரும் அந்த ஃப்ரேமில் எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும். மற்றதெல்லாம் மில்லிசெகண்டில் இருக்க, ஆரம் ஒன்றின் படம் மட்டும் விநாடிக்கணக்கில் நின்றது.

படத்தின் அளவைப் பார்த்தேன்: 8688×5792. ஐந்து கோடி பிக்சல் கேமராவில் எடுத்த அசல் ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டு, 12 சதவீதத்துக்குச் சுருக்கி வைத்திருக்கிறார். சுருக்கிவிட்டோமே என்று நாம் நினைக்கிறோம். ஆப்டர் எஃபெக்ட்ஸோ முதலில் மாஸ்க், அப்புறம் எஃபெக்ட், அப்புறம்தான் டிரான்ஸ்ஃபார்ம் என்ற வரிசையில் வேலை செய்கிறது. ஆக, அந்த லேயரில் போட்ட பிளர் முழு 8688 அகலத்தின் மேல் ஓடுகிறது. 16 பிட்டில் ஒரு பிக்சலுக்கு 8 பைட் என்று கணக்கிட்டால் அந்த ஒரு படம் மட்டும் 400 எம்.பி. ரேம். பிளருக்கு இன்னொரு பிரதி. 2021இல் வந்த மல்டி ஃப்ரேம் ரெண்டரிங் வேறு சேர்ந்து ஒரே நேரத்தில் பல ஃப்ரேம்களைக் கையில் எடுக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிரதி. இதைத் தாங்கும் ரேம் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. பின்னணிக்காக 8 பிட்டை 16 ஆக்கியதில் சுமை இரட்டிப்பானது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் திருத்தினால் இன்னொரு பக்கம் இடிக்கும்.

படத்தை ஃபோட்டோஷாப்பில் 1600 பிக்சல் அகலத்துக்கு இறக்கி, 'ரீப்ளேஸ் ஃபுட்டேஜ்' மூலம் மாற்றி, ஸ்கேலைச் சரிசெய்ததும் தடை நீங்கியது. படத்தைச் சுருக்க முடியாத வேலையாக இருந்தால் மல்டி ஃப்ரேம் ரெண்டரிங்கை அந்த ஒரு ரெண்டருக்கு மட்டும் அணைத்துப் பார்க்கலாம். மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேரும்.

இந்த மாதிரி சந்தேகமான ப்ராஜெக்ட்டை நேராக ஒரே வீடியோ ஃபைலாக எடுக்கவே கூடாது. 590ஆவது ஃப்ரேமில் கரண்ட் போனால் முந்தைய 589ம் சேர்ந்து போகும். பி.என்.ஜி. சீக்வென்ஸாக எடுத்து, ரெண்டர் செட்டிங்ஸில் 'ஸ்கிப் எக்ஸிஸ்டிங் ஃபைல்ஸ்' போட்டுவிட்டால், எங்கே நின்றதோ அங்கிருந்து தொடரும். நின்ற இடத்தின் கடைசிப் படம் மட்டும் அரைகுறையாக எழுதப்பட்டிருக்கலாம், அதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழ் எழுத்து தந்த தலைவலி

இன்ஸ்டாகிராம் வடிவத்தில் 'பொன்னான வாழ்த்துகள்' என்று எழுத்து எழுத்தாகத் தோன்றும். என் கம்ப்யூட்டரில் திறந்தபோது அந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கிறுக்கல். பாமினி ஃபாண்ட். தமிழ் வடிவத்தை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்திருக்கும் பழைய முறை. ஃபாண்ட் இல்லாத மெஷினில் திறந்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். ஃபாண்டை நிறுவிய பிறகும் இன்னொரு கோளாறு தெரிந்தது. 'பொ' வரும் இடத்தில் முதலில் ஒற்றைக்கொம்பு மட்டும் தனியாக வந்து நிற்கிறது, பிறகு 'ப', பிறகு கால். பாமினியில் அவை மூன்று தனி எழுத்து என்பதால் டெக்ஸ்ட் அனிமேட்டருக்கு வேறு வழி தெரியாது.

யூனிகோட் ஃபாண்டுக்கு மாற்றி, தெற்காசிய மொழிகளைக் கையாளும் டெக்ஸ்ட் எஞ்சின் தேர்வாகியிருக்கிறதா என்று பிரிஃபரன்ஸில் பார்த்துக்கொண்டேன். அது இல்லாத பழைய பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். அப்புறம் 'கிரியேட் ஷேப்ஸ் ஃப்ரம் டெக்ஸ்ட்' கொடுத்து, 'பொ'வின் துண்டுகளை ஒரே குரூப்பில் போட்டு அசைவு கொடுத்தேன். ஷேப் ஆன பிறகு எந்த மெஷினில் ரெண்டர் போட்டாலும் ஃபாண்ட் பற்றிய பேச்சே இல்லை. எழுத்தைத் திருத்த முடியாது என்பதால் அசல் டெக்ஸ்ட் லேயரை அணைத்து அடியில் வைத்திருப்பது நல்லது. வாழ்த்துச் செய்தியைக் கடைசி நேரத்தில் மாற்றாத வாடிக்கையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வெளிறிய கலர் இரண்டு இடத்திலிருந்து வந்த புகார். கடைக்காரரின் மகன் மேக்கில் குயிக்டைம் பிளேயரில் பார்த்துச் சொன்னது ஒன்று. டிஃபரன்ஸ் வைத்துப் பார்த்தால் கறுப்பு, ஆக ஃபைல் சரி. ரெக். 709 (எச்.டி. டி.வி.யின் வண்ணத் தரம்) என்று முத்திரை குத்திய வீடியோவை அந்த பிளேயர் டி.வி. மானிட்டரைவிடக் குறைந்த காமாவில் காட்டுவதால் நிழல்கள் வெளுக்கின்றன. அதை ஈடுகட்ட வீடியோவில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் மற்ற எல்லா இடத்திலும் கறுத்துப்போகும், எனவே தொடவில்லை. சுவரில் வெளிறியது வேறு காரணத்தால். ஆபரேட்டரின் லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. அவுட்புட் 'லிமிடெட்' ரேஞ்சில் இருந்தது, சுவரின் ப்ராசசர் 'ஃபுல்' எதிர்பார்த்தது. கறுப்பு 0க்குப் பதில் 16 ஆகப் போய்ச் சேர்ந்து, சாம்பலாக எரிந்தது. கிராஃபிக்ஸ் கார்டின் கண்ட்ரோல் பேனலில் ஒரே ஒரு தேர்வை மாற்றியதும் மெரூன் மெரூனாக வந்தது.

விழாவன்று ஒப்படைத்தவை: லூப் டி.எக்ஸ்.வி. ஹை குவாலிட்டியில், அதே லூப் 40 எம்.பி.பி.எஸ். எச்.264இல், லோகோ புரோரெஸ் 4444 ஸ்ட்ரெயிட் ஆல்ஃபாவில், ஒளி தனியாக. ஃபைல் பெயரிலேயே அளவு, ஃப்ரேம் ரேட், ஆல்ஃபா வகை மூன்றையும் எழுதிவிட்டேன், போனில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

விழா முடிந்த ராத்திரி தம்பி ஒரு மொபைல் வீடியோவை அனுப்பி, "அண்ணே, மறுபடியும் வரி வருதே" என்றார். திறந்து பார்த்தால், கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டிருக்கின்றன. இது நம் வரி இல்லை தம்பி என்றேன். பேனல் எல்லா வரிசையையும் ஒரே நேரத்தில் எரிப்பதில்லை, மாற்றி மாற்றி மின்ன வைக்கிறது. மொபைலின் ஷட்டர் வேகம் அதிகமாகும்போது அணைந்திருக்கும் வரிசைகள் கேமராவில் மாட்டிக்கொள்கின்றன. புரோ மோடுக்குப் போய் ஷட்டரை 50இல் ஒரு பங்குக்கு இறக்கினால் பெரும்பாலும் போய்விடும். 1920 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை முறை மின்னும்) பேனலுக்குப் பதில் 3840 ஹெர்ட்ஸ் பேனல் எடுத்தாலும் குறையும், ஆனால் அந்த வாடகையைப் பற்றிக் கடைக்காரரிடம்தான் பேச வேண்டும்.